பழைய போட்டோ ஸ்கேன் சரியா வந்துருக்கா? பிரிண்ட் போட்டு பாத்து எப்படி சொல்றது – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து வந்த கேள்வி நெறைய ஒரே விஷயத்த சுத்திதான் இருக்கு. வீட்ல இருக்குற பழைய போட்டோவ ஸ்கேன் பண்றாங்க, பிரிண்ட் போடறாங்க, சரியில்லன்னா ஸ்கேன் மேல பழிய போடறாங்க, இல்லன்னா பிரிண்ட் பளிச்சுன்னு இருக்குன்னு மோசமான ஸ்கேன பத்திரமா வச்சுட்டு ஒரிஜினல கரையானுக்கு விட்டுடறாங்க. அதனால மத்த கேள்விய அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துருக்கேன்.

கேள்வி: அண்ணா வணக்கம். எங்க தாத்தாவோட கருப்பு வெள்ளை போட்டோ ஒண்ணு இருக்கு, ரெண்டரைக்கு மூணரை இன்ச் இருக்கும், பின்னாடி ஸ்டுடியோ முத்திரைல சேலம் ஜில்லான்னு போட்ருக்கு. ஒரு கடைல 300 டிபிஐல (இன்ச்சுக்கு 300 புள்ளி) ஸ்கேன் பண்ணி அவங்களே லேப்ல 5க்கு 7 போட்டு குடுத்தாங்க, பளிச்சுன்னு இருக்கு. அப்புறம் நானே ஃப்ரெண்டோட ஸ்கேனர்ல 1200ல பண்ணி வீட்டு இன்க் டேங்க் பிரிண்டர்ல போட்டேன், சாம்பல் பூத்த மாதிரி வந்துச்சு. அப்ப 1200 வேஸ்ட்டா? 10க்கு 14 பெருசு பண்ணி மாட்டணும், எந்த ஃபைல குடுக்குறது?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: தம்பி, நீங்க ஸ்கேனரையும் மாத்திட்டீங்க, பிரிண்டரையும் மாத்திட்டீங்க, பேப்பரும் வேற, அப்புறம் எப்படி எது காரணம்னு சொல்றது? கடைக்காரங்க ஸ்கேன் பண்ணதும் போட்டோஷாப்ல கான்ட்ராஸ்ட்ட ஏத்தி, ஷார்ப்னஸ் கொஞ்சம் தட்டிதான் லேப்புக்கு அனுப்பிருப்பாங்க, அது அவங்க தினப்படி பழக்கம், கஸ்டமருக்கு பளிச்சுன்னு இருந்தாதான் பிடிக்கும். உங்க 1200 ஃபைல் எந்த மேக்கப்பும் இல்லாம பச்சையா பிரிண்டருக்கு போயிருக்கு. ஒரு நல்ல ஸ்கேன் ஸ்கிரீன்ல பாக்க கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கும், ஏன்னா கருப்புலயும் வெள்ளைலயும் எதையும் வெட்டாம உள்ள வச்சுருக்கும். கான்ட்ராஸ்ட் எப்ப வேணா ஏத்திக்கலாம், வெட்டுப்பட்டது திரும்ப வராது. தாத்தா வெள்ளை வேட்டி சட்டைல இருந்தா அந்த சட்டை மடிப்பு ரெண்டு ஃபைல்லயும் தெரியுதான்னு பெருசு பண்ணி பாருங்க. கடை ஃபைல்ல சட்டை ஒரே வெள்ளையா, மடிப்பே இல்லாம இருந்தா அந்த பளிச்சுக்கு நீங்க குடுத்த விலை அதுதான்.

இப்ப பிரிண்ட் விஷயத்துக்கு வரேன், இத கொஞ்சம் நீட்டி சொல்றேன், மத்த கேள்விக்கும் இதுதான் அடிப்படை.

லேப் பிரிண்ட்ங்கறது மை கிடையாது. சில்வர் கலந்த போட்டோ பேப்பர் மேல சிவப்பு, பச்சை, நீல லேசர் வெளிச்சத்த அடிச்சு கெமிக்கல்ல கழுவி எடுக்குறது. அதுல புள்ளி கிடையாது, நிறம் ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு வழுக்கிட்டு போவும், அதனால கன்னம், நெத்தி மாதிரி எடத்துல ஸ்கேன்ல இருக்குற கோளாறு, படி படியா வெட்டுனது, ஜேபெக் ஃபைல சுருக்கும்போது வர்ற கட்டம், எல்லாம் மறைய எடம் இல்லாம வெளிய வந்துடும். மெஷின் பெரும்பாலும் இன்ச்சுக்கு 300 பிக்சல்லதான் ஓடும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க, இப்ப சில லேப்ல கெமிக்கல் மெஷின எடுத்துட்டு மை தெளிக்கிற இன்க்ஜெட் மெஷின் போட்டுட்டாங்க, ஆல்பத்துக்கு பிரஸ் பிரிண்ட்டும் ஓடுது. லேப்ல இருந்து வந்துச்சுங்கறதுக்காக எல்லாமே லேப் பிரிண்ட் ஆயிடாது.

வீட்டு இன்க்ஜெட் வேற கதை. டப்பா மேல 5760க்கு 1440 டிபிஐன்னு போட்ருப்பான், அது மை சொட்டு எவ்வளவு நெருக்கமா விழும்ங்கற கணக்கு, போட்டோவோட பிக்சல் கணக்கு இல்ல. ஒரு பிக்சலோட நிறத்த காட்ட பல சொட்டு சேரணும். பிரிண்டருக்கு நீங்க குடுக்க வேண்டியது 300ல இருந்து 360, அதுக்கு மேல குடுத்தாலும் கண்ணுக்கு பெருசா தெரியாது. நாலு கலர் மை போடற பிரிண்டர்ல முகத்தோட வெளிச்சமான பகுதி கொஞ்சம் மணல் மணலா வரும், வெளிர் சயான் (நீலப்பச்சை), வெளிர் மெஜந்தா (இளஞ்சிவப்பு) சேத்து ஆறு கலர் இருக்குற பிரிண்டர்ல அது நல்லாவே கம்மி ஆவும். உங்க கேஸ்ல எனக்கு சந்தேகம் பேப்பர் செட்டிங் மேலதான். போட்டோ பேப்பர வச்சுட்டு செட்டிங்ல ப்ளெயின் பேப்பர்னு விட்டுட்டா மை அளவு தப்பா போவும், கருப்பு கருப்பாவே வராது, நீங்க சொல்ற அந்த சாம்பல் பூத்த கோலம்தான் வரும். பளபளப்பு இல்லாத மேட் பேப்பரா இருந்தா இன்னும் மோசம், பளபளன்னு இருக்குற கிளாஸி பேப்பர்ல தெரியற ஆழமான கருப்பு மேட்ல வராது. அது பேப்பரோட குணம், அதுக்கு ஸ்கேன குத்தம் சொல்லாதீங்க.

கல்யாண வீட்ல நின்ன எடத்துல போட்டோ எடுத்து உடனே குடுக்குறாங்கல்ல, அது பெரும்பாலும் டை சப்ளிமேஷன். மஞ்சள், மெஜந்தா, சயான்னு ரிப்பன்ல இருக்குற சாயத்த சூட்டுல பேப்பருக்குள்ள எறக்கி மேல ஒரு பாதுகாப்பு பூச்சு போட்டு தள்ளும். இதுவும் 300 டிபிஐ, இதுலயும் புள்ளி கிடையாது. ஆனா ஓரங்கள் லேசா உருகுன மாதிரி இருக்கும், தலைமுடி, மீசை மாதிரி சன்னமான விஷயத்த வச்சு ஸ்கேன் ஷார்ப்பா இல்லையான்னு இதுல முடிவு பண்ணாதீங்க.

நகைக்கடைல கல்லு பாக்குற 10 மடங்கு லென்ஸ் ஒண்ணு கெடைச்சா உங்க ரெண்டு பிரிண்ட்டையும் தாத்தா கண்ணு மேல வச்சு பாருங்க. லேப் பிரிண்ட்ல புகை மாதிரி மெல்லிசா நிறம் மாறும், இன்க்ஜெட்ல கண்ணு முழியே தனித்தனி சொட்டா பிரிஞ்சு நிக்கும். எது ஸ்கேன், எது பிரிண்டுன்னு அப்பவே பாதி புரிஞ்சுடும்.

10க்கு 14க்கு கணக்கு இப்படி. ரெண்டரை இன்ச்ச 10 ஆக்குனா நாலு மடங்கு, ஸ்கேன் டிபிஐய நாலால வகுத்துக்கோங்க. 300ல பண்ண ஃபைல் 75 ஆயிடும், போதவே போதாது. 600ல பண்ணா 150, 1200ல பண்ணா 300. ஆனா இந்த மாதிரி பழைய பேப்பர் பிரிண்ட்ல 600க்கு மேல போனா புது விவரம் அதிகம் கெடைக்காது, பேப்பரோட நாரும் கீறலும்தான் பெருசா வரும். 1200ல ஏற்கனவே பண்ணிட்டீங்க, அதையே வச்சுக்கோங்க, நஷ்டம் இல்ல. சுவத்துல மாட்டி மூணு அடி தள்ளி நின்னு பாக்குற படத்துக்கு 150 கூட தாராளம். கையில புடிச்சு ஒரு அடில பாக்கும்போதுதான் கண்ணு 300 வரைக்கும் கேக்கும்.

முழு 10க்கு 14 போட்டு காச விடறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க. உங்க ஃபைல கடைசி சைஸுக்கு கொண்டு வந்து, அதுல முகம் மட்டும் வர்ற மாதிரி 4க்கு 6 துண்டு வெட்டி, கிளாஸி பேப்பர்ல, கரெக்‌ஷன் எதுவும் போடாதீங்கன்னு சொல்லி லேப்ல ஒரு காப்பி எடுங்க. கடை ஃபைல்ல இருந்தும் அதே மாதிரி ஒரு துண்டு. ஒரே மெஷின், ஒரே பேப்பர், ஒரே நாள். ரெண்டையும் பக்கத்துல வச்சு வெளி வெளிச்சத்துல பாருங்க, எத குடுக்கறதுன்னு நான் சொல்ல வேண்டியதே இருக்காது.

அப்புறம் அந்த பின்பக்க முத்திரையையும் கலர்ல ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க. தருமபுரி 1965 அக்டோபர் 2ல தனி ஜில்லா ஆச்சு, அதுக்கு முன்னாடி இந்த ஊரெல்லாம் சேலம் ஜில்லாதான், அதனால ஸ்டுடியோ இந்தப் பக்கத்துதுன்னா போட்டோ பெரும்பாலும் அதுக்கு முந்தினது. முன்பக்கத்த மட்டும் ஸ்கேன் பண்ணா இந்த தகவல் போயிடும்.

கேள்வி: அம்மா படத்த ஸ்கேன் பண்ணி பெருசா போட்டோம், கன்னத்துக்கு குறுக்க சன்னமா ஒரு கோடு வருது. ஸ்கேன் பண்ணவர் பிரிண்டர் கோளாறுங்கறார், பிரிண்ட் போட்டவர் ஸ்கேன்லயே இருக்குங்கறார். நடுவுல நாங்க அலையறோம் சார்.
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அம்மா, ரெண்டு பேருகிட்டயும் சண்டை வேணாம், ஒரே பிரிண்ட்ல தெரிஞ்சுடும். அதே ஃபைல கம்ப்யூட்டர்லயே 90 டிகிரி திருப்பிட்டு அதே பிரிண்டர்ல இன்னொரு தடவ போட சொல்லுங்க, பேப்பர் பழைய மாதிரியே போகட்டும், படம் மட்டும் படுத்துக்கட்டும். கோடு கன்னத்தோடயே சேந்து திரும்பி வந்தா ஸ்கேன்ல இருக்கு. படம் திரும்பியும் கோடு பேப்பர்ல பழைய திசைலயே நின்னா பிரிண்டர்.

ஸ்கேனர்ல வர்ற கோடு எப்பவும் நூல் புடிச்ச மாதிரி நேரா, லைட் நகர்ற திசைல, ஒரு முனைல இருந்து மறு முனை வரைக்கும் போவும், பல தடவ பச்சை இல்லன்னா சிவப்பு கலந்து இருக்கும். உள்ள சென்சார் மேலயோ, ஸ்கேனர் தன்ன சரி பாத்துக்குற வெள்ளை பட்டை மேலயோ தூசி உக்காந்தா இது வரும். கண்ணாடி மேல இருக்குற தூசி கோடா வராது, எல்லா போட்டோலயும் ஒரே எடத்துல புள்ளியா வரும். இன்க்ஜெட் பிரிண்டர்ல நாசில் (மை வர்ற சின்ன ஓட்டை) அடைச்சா கோடு ஒண்ணா வராது, சம இடைவெளி விட்டு வரிசையா வரும், நாசில் செக் போட்டு ஹெட் கிளீனிங் பண்ணா பெரும்பாலும் சரியாவும்.

ஸ்கேன்ல இருக்குன்னு தெரிஞ்சா போட்டோஷாப்ல அழிச்சு தரேன்னு சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க. ஒரிஜினல் உங்க கையில இருக்குல்ல, ஸ்கேனர தொடச்சுட்டு மறுபடி ஸ்கேன் பண்ண சொல்லுங்க. அம்மா கன்னத்துல இருந்த மச்சமோ சுருக்கமோ சேந்து அழிஞ்சு போக விடக்கூடாது.

கேள்வி: எங்க பள்ளி ஆண்டு மலருக்கு பழைய மாணவர்கள் குரூப் போட்டோ போடறோம். ஒரு வரிசைல பதினஞ்சு பேர் வரைக்கும் நிக்கிறாங்க. போன மலர்ல முகம் யாருன்னே தெரியல. இந்த தடவ 1200 டிபிஐல ஸ்கேன் பண்ணி குடுத்தா சரியா வருமா? இன்னொரு போட்டோவுக்கு ஒரிஜினல் இல்ல, பழைய மலர்ல அச்சானதுதான் இருக்கு.
– ஒரு ஆசிரியர், கிருஷ்ணகிரி

பதில்: சார், மலர் அச்சடிக்கிற ஆஃப்செட் மெஷின்ல 1200 குடுத்தாலும் 300 குடுத்தாலும் அச்சுல ஒண்ணுதான். ஆஃப்செட் மெஷினுக்கு சாம்பல் நிறம்னு ஒண்ணு தெரியாது, மை இருக்கும் இல்லன்னா இருக்காது, நடு நிறத்த எல்லாம் பெரிய புள்ளி சின்ன புள்ளியா மாத்திதான் காட்டும். நல்ல ஆர்ட் பேப்பர்ல இன்ச்சுக்கு 150ல இருந்து 175 வரிசை புள்ளி, நியூஸ் பிரிண்ட் பேப்பர்ல 100 பக்கமாதான். பிரஸ்காரங்க 300 டிபிஐ கேக்குறது அந்த 150ஐ ரெட்டிப்பாக்கி கேக்குறது, அதுக்கு மேல குடுக்கறத பிளேட் போடும்போதே கொறச்சுடுவாங்க.

இப்ப உங்க போட்டோவ எடுத்துக்கோங்க. ஏழு இன்ச் அகலத்துல பதினஞ்சு பேர் நின்னா ஆளுக்கு அரை இன்ச் கூட இல்ல, முகம்னு பாத்தா கால் இன்ச்தான் வரும். 150 புள்ளில கால் இன்ச்சுக்கு 37 புள்ளி. சாதா பேப்பரா இருந்தா 25. அந்த 25 புள்ளிக்குள்ளதான் ரெண்டு கண்ணு, மூக்கு, மீசை எல்லாம் அடங்கணும், எந்த ஸ்கேனர் வந்தாலும் அதுக்கு மேல முகத்த காட்ட முடியாது. அதனால ஸ்கேன்ல செலவு பண்றத லேஅவுட்ல பண்ணுங்க. போட்டோவ நடுப்பக்கத்துல ரெண்டு பக்கமும் சேத்து அகலமா போடுங்க, இல்லன்னா இடது பாதி ஒரு பக்கம், வலது பாதி அடுத்த பக்கம்னு பிரிங்க, அந்த ஒரு ஃபாரத்துக்கு (ஒரே தாள்ல சேந்து அச்சாகுற பக்கங்களுக்கு) மட்டும் ஆர்ட் பேப்பர் கேளுங்க. நடு மடிப்புல யார் முகமும் மாட்டாம பாத்துக்கோங்க, அங்க நிக்கிறவர் வீட்டுக்கு அந்த மலர்ல இருக்கறதே அந்த ஒரு முகம்தான்.

ஆனா ஸ்கேன மட்டும் 600ல நல்லா பண்ணி வச்சுக்கோங்க, மலர் பிரஸ்ஸுக்கு போறது வேற, பள்ளியோட பத்திரத்துக்கு இருக்கறது வேற. வந்த அச்சு காப்பிய வச்சு ஸ்கேன எடை போடவே கூடாது சார், ஸ்கேன்ல இருந்ததுல பாதி கூட அச்சுல எறங்கிருக்காது.

அச்சான படத்த திரும்ப ஸ்கேன் பண்றது தனி தொல்லை. கலர் படத்துல நாலு மையும் ஆளுக்கு ஒரு கோணத்துல புள்ளி வச்சுருக்கும், அது மேல ஸ்கேனரோட பிக்சல் வரிசை குறுக்க வந்தா பட்டுப்புடவை மினுக்குற மாதிரி அலை அலையா வரும். ஸ்கேனர் சாஃப்ட்வேர்ல அச்சுப் புள்ளிய கரைக்கிற டிஸ்கிரீன்னு ஒரு டிக் இருக்கும், இந்த படத்துக்கு மட்டும் அத போட்டு, டிபிஐ கூட வச்சு ஸ்கேன் பண்ணி அப்புறம் சைஸ கொறைங்க. முடிஞ்சதும் மறக்காம டிக்க எடுத்துடுங்க, நெஜ போட்டோவ டிஸ்கிரீன் போட்டு ஸ்கேன் பண்ணா தலைமுடி எல்லாம் மெழுகு மாதிரி ஆயிடும். நெறைய ஸ்கேன் மொழுக்குன்னு வர்றதுக்கு இந்த ஒரு டிக்தான் காரணம்.

கேள்வி: அப்பா நினைவு நாளுக்கு ரோட்டுல பெரிய பிளெக்ஸ் வச்சோம், சூப்பரா வந்துச்சு. அதே ஃபைல ஆல்பத்துக்கும் குடுக்கலாம்ல?
– ஒரு வாசகர், ஊத்தங்கரை

பதில்: குடுக்காதீங்க தம்பி, மொதல்ல ஃபைல் எத்தன பிக்சல்னு பாருங்க. உதாரணத்துக்கு 750க்கு 1050 பிக்சல் ஃபைல நாலு அடி அகலத்துக்கு இழுத்தா இன்ச்சுக்கு 15 பிக்சல்தான் இருக்கும், ஆனா 20 அடி தள்ளி நின்னு பாக்குற கண்ணுக்கு அதுவே போதும், அதனால பிளெக்ஸ் எந்த ஸ்கேனையும் நல்ல ஸ்கேனா காட்டிடும். அதே ஃபைல் ஆல்பத்துல 8க்கு 12 பக்கத்துல வந்தா 100 டிபிஐ கூட வராது. பிளெக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்ல அனுப்புன படம்தான் இதுன்னா நிச்சயமா திரும்ப ஸ்கேன் பண்ணணும்.

கேள்வி: 1980கள்ல எடுத்த கலர் போட்டோ, பேப்பர்ல தேன்கூடு மாதிரி சின்ன சின்ன மேடு இருக்கு. ஸ்கேன் பண்ணா படம் முழுக்க வெள்ளை புள்ளி. கடைல மேட் பேப்பர்ல போட்டா தெரியாதுங்கறாங்க. கூடவே நெறம் பூரா சிவப்பா போயிருக்கு.
– ஒரு வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: கடைக்காரர் சொல்றது ஒரு அளவுக்கு உண்மை, 4க்கு 6 மேட்ல தெரியாது. ஆனா புள்ளி ஃபைல்ல அப்படியேதான் இருக்கும், நாளைக்கு உங்க பொண்ணு பெருசு பண்ணி கிளாஸில போட்டா அம்மை போட்ட மாதிரி முகம் முழுக்க நிக்கும். ஸ்கேனர் லைட் சாய்வா வந்து ஒவ்வொரு மேட்டுலயும் பட்டு திரும்பி அடிக்கிறதுதான் அந்த வெள்ளை புள்ளி. போட்டோவ ஒரு தடவ நேரா, இன்னொரு தடவ தலைகீழா வச்சு ஸ்கேன் பண்ணுங்க, ரெண்டாவத போட்டோஷாப்ல நிமித்தி மொதல் படத்து மேல சரியா பொருத்தி ரெண்டையும் கலந்தா பளபளப்பு பெருமளவு அடங்கிடும். அதுக்கும் மசியலன்னா ஸ்கேனர விட்டுட்டு கேமராவுல காப்பி எடுக்கணும், ரெண்டு பக்கமும் 45 டிகிரில லைட், லைட்டுலயும் லென்ஸ்லயும் போலரைசர் (பளபளப்ப தடுக்குற ஃபில்டர்) வச்சு எடுத்தா மேடே தெரியாது. பழைய ஸ்டுடியோ அண்ணன்மாருக்கு இந்த காப்பி வேலை அத்துப்படி, ஓசூர்லயோ கிருஷ்ணகிரிலயோ அப்படி ஒருத்தர விசாரிச்சு புடிங்க.

செவந்து போனதுக்கு காரணம், அந்த கால கலர் பேப்பர்ல இருக்குற சயான் சாயம் இருட்டுல வச்சாலும் சீக்கிரம் வெளிறிடும், மிச்சம் நிக்கிறது சிவப்பு. இந்த மாதிரி போட்டோவ 16 பிட்டுல (நிறத்த இன்னும் நுணுக்கமா பதியற கணக்கு), டிஃப் (TIFF) ஃபைலா ஸ்கேன் பண்ண சொல்லுங்க, ஏன்னா நிறத்த நெறைய இழுக்க வேண்டி வரும், 8 பிட் ஜேபெக்ல இழுத்தா வானம் பட்டை பட்டையா ஒடஞ்சுடும். அந்த ஒடசல் வழுவழுப்பா வர்ற லேப் பிரிண்ட்ல நல்லா தெரியும்.

கேள்வி: எங்க பெரியப்பா கூத்து வாத்தியாரு. அவரு கட்டை வேஷத்துல (மரத்துல செஞ்ச கிரீடம், புஜக்கட்டை கட்டுற வேஷம்) இருக்குற போட்டோவும் இருக்கு, அதோட நெகட்டிவும் ஒரு டப்பால கெடைச்சுது. எத ஸ்கேன் பண்றது? போட்டோவ ஸ்கேன் பண்ணி பாத்ததுல கிரீடம் எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கு.
– ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: நெகட்டிவ்! இத படிச்ச கையோட அந்த டப்பாவ எடுத்து தனியா பத்திரப்படுத்துங்க தம்பி. அந்த காலத்துல பிரிண்ட் போடும்போது கருப்பு பேக்கிரவுண்டுக்கு ஏத்த மாதிரி வெளிச்சம் வச்சா கிரீடத்துல ஒட்டுன கண்ணாடி, புஜக்கட்டைல இருக்குற ஜிகினா எல்லாம் பேப்பர்ல வெளுத்துடும். பேப்பர்ல இல்லாதது ஸ்கேன்ல எங்க இருந்து வரும்? ஆனா நெகட்டிவ்ல அந்த கண்ணாடி வேலைப்பாடு பெரும்பாலும் உள்ளயே இருக்கும், ஏன்னா பேப்பர விட நெகட்டிவ் புடிக்கிற வெளிச்ச எல்லை ரொம்ப பெருசு.

35 எம்எம் நெகட்டிவ்னா படம் 24க்கு 36 மில்லிமீட்டர்தான், அதனால 2400 டிபிஐ கொறஞ்சபட்சம், அதுல ஏறக்குறைய 2268க்கு 3402 பிக்சல் கெடைக்கும், 7க்கு 11 வரைக்கும் 300ல அழகா போடலாம். இன்ச் கணக்குல சதுரமா, பெருசா இருந்தா அது பெரும்பாலும் 120 ஃபிலிம், இன்னும் யோகம். சாதா ஸ்கேனர்ல நெகட்டிவ் வராது, மூடிலயும் லைட் இருக்குற ஸ்கேனர் வேணும். ஸ்கேனர் விளம்பரத்துல 9600, 12800ன்னு போட்டா மயங்காதீங்க, ஆப்டிகல் (சென்சார் நெஜமா பாக்குற அளவு) எவ்வளவுன்னு மட்டும் கேளுங்க, மிச்சம் எல்லாம் சாஃப்ட்வேர் தானா நிரப்புறது. இன்னொண்ணு, தூசிய தானா அழிக்கிற இன்ஃப்ராரெட் வசதி கருப்பு வெள்ளை நெகட்டிவ்ல வேலை செய்யாது, சில்வரே அந்த கதிர தடுத்துடும், படத்தையே தூசின்னு நெனச்சு கெடுத்து வச்சுடும். அத அணைக்க சொல்லுங்க, தூசிய ஊதி, மெல்லிசு பிரஷ்ல தட்டிட்டு ஸ்கேன் பண்ணட்டும்.

சரி பாக்குறதுக்கு கிரீடம் மட்டும் வர்ற துண்ட லேப்ல கிளாஸில போடுங்க. ஒவ்வொரு கண்ணாடி சில்லும் தனித்தனியா, ஓரத்துல கொஞ்சம் சாம்பலோட தெரிஞ்சா ஸ்கேன் சரி. எல்லாம் சேந்து ஒரே வெள்ளை திட்டா இருந்தா வெள்ளை வெட்டுப்படாத மாதிரி செட்டிங்க மாத்தி மறுபடி பண்ண சொல்லுங்க. கூத்து கட்டுனவரோட அலங்காரம் அது, அவரு ராத்திரி முழுக்க கட்டி ஆடுன சாமான், ஒவ்வொரு கல்லும் தெரியணும். டப்பாவ திறக்கும்போது புளிச்ச வாடை, வினிகர் மாதிரி அடிச்சா ஃபிலிம் சிதைய ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம், அப்ப நாள் கடத்தவே கூடாது.

கேள்வி: கருப்பு வெள்ளை ஸ்கேன் பிரிண்ட் வீட்ல டியூப் லைட்டுல பச்சையா தெரியுது, வெளிய வந்தா சரியா இருக்கு. ஸ்கேன கருப்பு வெள்ளைல பண்ணாம கலர்ல பண்ணதுதான் தப்புங்கறாங்க.
– ஒரு வாசகர், அரூர்

பதில்: கலர்ல பண்ணதுதான் சரி, அத யாரு சொன்னாலும் மாத்தாதீங்க. பழைய போட்டோல மஞ்சள் கறை இருந்தா கலர் ஸ்கேன்ல இருக்குற சிவப்பு, பச்சை, நீல அடுக்குல சிவப்பு சேனல மட்டும் எடுத்து பாருங்க, கறை பாதிக்கு மேல காணாம போயிருக்கும், ஏன்னா மஞ்சள் நீலத்ததான் முழுங்கும், சிவப்ப விட்டுடும். நேரா கருப்பு வெள்ளைல ஸ்கேன் பண்ணிருந்தா இந்த வழியே அடைஞ்சுருக்கும்.

பச்சை வர்றது கலர் மைய கலந்து சாம்பல் உண்டாக்குற பிரிண்டரால. அந்த கலவை ஒரு வெளிச்சத்துல சாம்பலா இருக்கும், இன்னொரு வெளிச்சத்துல பச்சையாவோ செவப்பாவோ சாயும். நிச்சயம் பண்ணிக்கணும்னா ஃபைலோட ஒரு காப்பிய கிரேஸ்கேல் ஆக்கி போடுங்க. கிரேஸ்கேல் ஃபைல்ல நிறம்ங்கறதே கிடையாது, அதுலயும் பச்சை வந்தா முழுக்க பிரிண்டர், மை, பேப்பர் கணக்குதான். எந்த பிரிண்ட்டையும் காலைல பத்து மணிக்கு மேல, வெயில் நேரா படாத திண்ணை நிழல்ல வச்சு பாருங்க, கடை வெளிச்சத்துல பாத்து ஓகே சொல்லாதீங்க.

கேள்வி: ஸ்கேனர் இல்ல, மொபைல்ல ஸ்கேன் ஆப் வச்சு எடுத்து அனுப்பலாமா?
– ஒரு வாசகி, காரிமங்கலம்

பதில்: ரேஷன் கார்டுக்கு சரிம்மா, போட்டோவுக்கு வேணாம். அந்த ஆப் எல்லாம் எழுத்து நல்லா தெரியணும்னு வெள்ளைய வெளுத்து கருப்ப கூட்டி விடும், முகத்துக்கு அது எமன். வேற வழியே இல்லன்னா மொபைலோட சாதா கேமராவுல, ஃபிளாஷ் போடாம, ஜன்னல் பக்கத்துல போட்டோவ தட்டையா வச்சு நேர் மேல இருந்து எடுங்க, ரொம்ப கிட்ட போவாம கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்தா ஓரம் வளையாது. அனுப்பும்போது வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமெண்ட்டா அனுப்புங்க. போட்டோ பிரேம் கண்ணாடில ஒட்டிக்கிட்டு இருந்தா தயவு செஞ்சு பிய்க்காதீங்க, கண்ணாடியோடயே தருமபுரிக்கு எடுத்துட்டு வந்து, காப்பி எடுக்கத் தெரிஞ்ச ஸ்டுடியோவா பாத்து குடுங்க. பஸ்ல வரும்போது பிரேம படுக்க வச்சு, நடுவுல துணி குடுத்து சுத்தி கொண்டு வாங்க.